சுவரில் படம் மட்டும் போதாது: பெண் விஞ்ஞானிகளை வகுப்புக்குள் அழைத்துவருவது எப்படி

தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்திரண்டு வருடங்களாக இயற்பியல் நடத்துகிறேன். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் நெருங்கினால் துறைக்குத் துறை தெர்மாகோல் அட்டை வாங்க ஆள் கிளம்பிவிடும். மேரி கியூரி படம், கல்பனா சாவ்லா படம், கீழே பிறந்த ஆண்டு, வாங்கிய விருதுகள். மறுநாள் அட்டைகள் பீரோவுக்கு மேலே போய்விடும். பல வருடம் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வருடம், அட்டைக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவி கேட்டாள்: "மேம், இவங்கள்ல யாராவது நம்ம மாதிரி காலேஜ்ல படிச்சவங்களா?" அவள் அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். அவர்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். அன்று தேட ஆரம்பித்ததிலிருந்து ஆறு வருடமாக எங்கள் துறையில் ஒரு முறையைக் கடைப்பிடித்து வருகிறோம். பெண்கள் கல்லூரிகளில் வேலை பார்க்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று நம்பி அதை எழுதுகிறேன்.

அவள் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்து படித்தது ராணி மேரி கல்லூரியில். 1914-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி அது. பிறகு அவர் பாடம் நடத்தியது சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில். வானிலைக் கருவிகளில் பேர் வாங்கிய அன்னா மாணியும், பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குப் போகுமுன் ஒரு வருடம் அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கல்கத்தாவில் லேடி பிரபோர்ன் என்ற பெண்கள் கல்லூரியில் 1940-இல் வேதியியல் துறையைத் தொடங்கியவர் அசீமா சட்டர்ஜி. நான்கு வருடம் கழித்து, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஆக, நம்மைப் போன்ற கல்லூரிகள் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. இந்தப் பெண்கள் நடந்து போன வழியிலேயே இருக்கின்றன. முதல் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். மாணவிகள் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு பருவத்துக்கு ஒருவர்

இருபது பேரைப் பட்டியல் போடாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு விஞ்ஞானி. அவர் செய்த வேலைக்கும் உங்கள் பாடத்திட்டத்துக்கும் எங்காவது ஒரு முடிச்சு இருக்க வேண்டும். தாவரவியலுக்கு ஜானகி அம்மாள், வேதியியலுக்கு அசீமா சட்டர்ஜி, இயற்பியலுக்கு அன்னா மாணி அல்லது பிபா சௌத்ரி, மனையியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் கமலா சோஹோனி. பாடத்தோடு ஒட்டாத ஆளை எடுத்தால் அது கலைநிகழ்ச்சி மாதிரி ஆகிவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஜானகி அம்மாளும் அன்னா மாணியும் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர்கள். முதல் இரண்டு பருவமும் இவர்கள் இருவரையே எடுத்தேன். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வந்து, "அப்போ கல்யாணம் பண்ணிட்டா இதெல்லாம் முடியாதா மேம்?" என்றாள். அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பட்டப்படிப்பு முடிவதற்குள் திருமணமாகிவிடும் பெண்கள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லாமலே ஒரு கதவைச் சாத்திவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பருவம் ஏ. லலிதாவை எடுத்தோம். சென்னையைச் சேர்ந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. லலிதாவின் அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அதே கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின்பொறியாளராக வெளியே வந்தார். அந்தக் கல்லூரியின் பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லைத்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போனார். அந்தச் சான்றிதழ் கதையைச் சொன்ன அன்று வகுப்பில் சத்தமே இல்லை.

அடைபட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குங்கள்

பிறப்பில் ஆரம்பித்து விருதில் முடிக்கும் வாழ்க்கை வரலாறு மாணவிக்கு ஒன்றும் தராது. "அவங்க பெரிய ஆளு" என்று நினைத்துக்கொண்டு தூரத்தில் வைத்துவிடுவாள். எந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு வழி அடைபட்டதோ அங்கே கதையை நிறுத்துங்கள்.

அன்னா மாணியை நான் நடத்தும் விதம் இது. 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்கிறார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன, உறிஞ்சுகின்றன என்பது ஆராய்ச்சி. ஒரு நிறமாலையைப் படத்தகட்டில் பதிக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். ராத்திரி ஆய்வகத்திலேயே தங்கிவிடுவார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கிறார். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிடுகிறார்கள்.

இங்கே நிறுத்தி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பேன். "நீ அன்னா மாணி. இப்போ என்ன செய்வே? பத்து நிமிஷம் எழுது. பேர் போட வேண்டாம்."

தாள்களை அப்படியே சத்தமாகப் படிப்பேன். "அழுதுவிட்டு எம்.எஸ்ஸி. சேர்வேன்." "ராமன் சாரிடம் போய்ப் பேசச் சொல்வேன்." "ஊருக்குப் போய்விடுவேன், எங்கள் வீட்டில் அடுத்த வாய்ப்பு தரமாட்டார்கள்." இந்த மூன்றாவது வகைத் தாள் எல்லா வருடமும் வரும். அதைப் படிக்கும்போது யாரையும் பார்க்காதீர்கள், தாளையே பாருங்கள். அப்புறம் மீதிக் கதையைச் சொல்லுங்கள். அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். இயற்பியலில் ஆராய்ச்சி செய்யவே ஆசை. கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. அதை எடுத்துக்கொண்டார். 1948-இல் திரும்பிவந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துவந்த கருவிகளை இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தினார். 1976-இல் ஓய்வு பெற்றபோது அவர் துறையின் துணைத் தலைமை இயக்குநர். அந்த முனைவர் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இனிப்புப் பூசிச் சொன்னால், நாளைக்கு நிஜமாகவே வழி அடைபடும்போது தன்மேல்தான் தப்பு என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள்.

போஸ்டரை நம்பாதீர்கள், ஆண்டைப் பாருங்கள்

இது எங்கள் மாணவிகளின் தேடலிலிருந்து பிறந்த வழி. ஜானகி அம்மாள் பருவத்தில் எல்லோரும் போனில் தேடிக் குறிப்பு எடுத்து வந்தார்கள். முக்கால்வாசிப் பேரிடம் ஒரே வாக்கியம்: இந்தியக் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்தவர். சரி, ஆண்டுவாரியாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள் என்றேன். கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. அங்கே வேலை செய்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918-இல் வந்துவிட்டது. அப்போது ஜானகி அம்மாள் மாணவி. அவர் அந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தது 1934-இல்.

"அப்போ அவங்க செய்யலையா?" என்று ஒருத்திக்கு முகமே வாடிவிட்டது. அந்த வாட்டம் நல்லது. ஏனென்றால் அடுத்த கேள்வி தானாக வந்தது: அப்படியென்றால் அவர் செய்தது என்ன? அடுத்த இரண்டு வாரம் அதிலேயே போனது. கரும்பைச் சோளம் போன்ற வேறு புல்லினங்களோடு கலந்து பார்த்தார், அந்தக் கலப்பினங்களில் குரோமோசோம்கள் என்ன ஆகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். பிறகு இங்கிலாந்தில் போருக்கு நடுவே வேலை செய்து, 1945-இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைத் தொகுப்பை வெளியிட்டார். 1951-இல் நேரு அழைத்ததன் பேரில் திரும்பிவந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். போஸ்டர் வாக்கியத்தைவிட உண்மை பெரியது. அதைவிட முக்கியம், ஒரு தகவலைச் சந்தேகப்பட்டு, சரிபார்த்து, திருத்தி எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது. அறிவியல் என்று நாம் சொல்வது அதைத்தானே.

கை வைக்க வேண்டும்

பேச்சு பாதிதான். அந்த விஞ்ஞானி செய்த வேலையில் ஒரு துளியையாவது மாணவி தன் கையால் செய்ய வேண்டும். ஜானகி அம்மாளுக்கு இது சுலபம். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் வேர் விடவைத்து, காலையில் வேர்நுனியை நறுக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நசுக்கிப் பார்க்கும் பயிற்சி தாவரவியல் பாடத்திலேயே இருக்கிறது. படம் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு விட்டுவிடாமல், "பதினாறை எண்ணிக் காட்டு" என்று சொல்லுங்கள். வெங்காயத்தின் ஒரு செல்லில் இருக்கும் பதினாறு குரோமோசோமையும் தெளிவாக எண்ணுவதற்கு என் சக ஆசிரியையின் வகுப்பில் ஒரு மதியம் முழுக்கப் போனது. வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான செடிகளில் இதைச் செய்தவரின் பொறுமை அப்போதுதான் புரியும்.

அசீமா சட்டர்ஜிக்கு எங்கள் வேதியியல் துறை நித்யகல்யாணி இலையை எடுத்தது. அந்தச் செடியின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தவர் அவர். கல்லூரி வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கிற செடிதான். சாற்றில், ஆல்கலாய்டு இருக்கிறதா என்று காட்டும் டிராகன்டார்ஃப் கரைசலை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் வீழ்படிவு வரும். இலையை வாயில் வைக்கக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அன்னா மாணிக்காக நாங்கள் செய்த மழைமானி. ஜூனில் தொடங்கும் பருவம் முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அதனால் காலம் பொருந்துகிறது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, புனல் மாதிரி தலைகீழாக உள்ளே செருக வேண்டும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அதனால் நேராக இருக்கும் பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் வைத்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்.

பாட்டிலை உடனே வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதல் மழைக்கு எல்லாப் பாட்டிலையும் கல்லூரி மொட்டை மாடியில் வரிசையாக வையுங்கள். எங்களுக்கு ஒரே மழைக்கு 19 முதல் 27 மில்லிமீட்டர் வரை விதவிதமாக வந்தது. ஒருத்தி சாய்வாக வைத்திருந்தாள், ஒருத்தி தண்ணீர் மட்டத்தின் விளிம்பைப் படித்திருந்தாள், ஒருத்தியின் ஸ்கேல் வழுக்கியிருந்தது. தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பதில் அன்னா மாணி பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதம் ஏன் என்று அந்த மாடியில் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பாட்டில்களைச் சரிசெய்து, எல்லாம் ஓரளவு ஒரே அளவைக் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினேன்.

வானிலைத் துறை மழையைக் கணக்கெடுப்பது காலை எட்டரை மணிக்கு. எங்கள் பிள்ளைகள் ஏழரைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் வீட்டில் அம்மாவோ பாட்டியோ தம்பியோ படித்து போனில் சொன்னார்கள். இருபத்துநான்கு கிராமங்கள், இருபத்துநான்கு பாட்டில்கள். தாலுகாவின் வரைபடத்தில் தினம் எண்களை எழுதினோம். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் ஓர் அம்மா, மழை நின்ற ஒரு காலையில் எனக்கே போன் செய்தார்: "டீச்சர், பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல நிக்குது, எதைச் சொல்லணும்?" பதினொன்றரை என்று சொல்லலாம் அம்மா என்றேன். மகள் ஆராய்ச்சி என்று பேசினால் அதை அந்நியமாக நினைக்காத ஒரு வீடு அன்று உருவானது. பெற்றோர் கூட்டத்தில் நான் எத்தனை முறை பேசியும் நடக்காத காரியம் அது.

யாரை அழைப்பது

பெரிய பதவியில் இருப்பவரை ஒருமுறை விருந்தினராக அழைத்தோம். ஒன்றரை மணி நேரம் படக்காட்சியோடு பேசினார். ஒரு கேள்விகூட வரவில்லை. அடுத்த வருடம் எங்களிடமே படித்து, வேறு ஊரில் முனைவர் ஆய்வில் இரண்டாம் வருடத்தில் இருந்த முன்னாள் மாணவியை அழைத்தேன். அவள் பேசியது அரைமணி நேரம், கேள்விகள் இரண்டு மணி நேரம். விடுதிக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை மாதாமாதம் சரியாக வருமா, ராத்திரி ஆய்வகத்திலிருந்து எப்படித் திரும்புவாய், அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய், இங்கிலீஷ் பேச வராதபோது என்ன செய்தாய். இதெல்லாம்தான் அவர்கள் மனதில் இருக்கிற அறிவியல் கேள்விகள். அதனால் ஐந்தாறு வருடம் மட்டுமே முன்னால் போனவரை அழையுங்கள். நிகழ்ச்சியைக் கடைசி பஸ்ஸுக்கு முன் முடியுங்கள். மாலை வைத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

பெரிய ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஊருக்குப் பக்கத்தில் தேடுங்கள். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். அங்கே அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். எங்கள் மாணவிகள் குற்றாலம் போகும் வழியில் பார்த்த ஊர். அந்த ஒரு தகவல் போதும்.

விண்ணப்பம் வரை கொண்டுபோங்கள்

எல்லாவற்றையும்விட இதை அழுத்திச் சொல்கிறேன். ஊக்கம் என்பது ஒரு விண்ணப்பப் படிவத்தில் போய் முடியவில்லை என்றால் கோடை விடுமுறையில் கரைந்துவிடும். பருவத்துக்கு ஒரு நாள் கணினி ஆய்வகத்தைக் கேட்டு வாங்குங்கள். அன்று பாடம் கிடையாது. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுவது ஒரு வேலை. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மூன்றாமாண்டுக்கு ஜாம் தேர்வு. ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர வழி அது. பிப்ரவரியில் நடக்கும், பெண்களுக்குக் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதிலிருந்து விண்ணப்பக் கட்டணத்துக்கு எடுத்து வைக்கச் சொல்வேன்.

அன்றைக்கு இடறுகிற இடங்கள் எல்லாம் சிறியவை. புகைப்படம் சொன்ன அளவில் இருக்காது. சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் முதலெழுத்து வேறு வேறாக இருக்கும். மின்னஞ்சல் அண்ணன் போனில் இருக்கும், கடவுச்சொல் அவனுக்கு மட்டுமே தெரியும். இந்தக் கடைசிப் பிரச்சினைக்காகவே முதலாமாண்டில், முதல் வாரத்தில், ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் தொடங்க வைக்கிறேன். முதன்முதலில் பதினான்கு பேர் விண்ணப்பித்தார்கள், இரண்டு பேர் தேர்வானார்கள். மீதிப் பன்னிரண்டு பேருக்கும் விண்ணப்பிக்கத் தெரிந்துவிட்டது. அதில் மூன்று பேர் மறுவருடம் தாங்களாகவே போட்டார்கள்.

வரும் பருவத்துக்குக் கமலா சோஹோனியை எடுத்திருக்கிறோம். பெண் என்பதால் 1933-இல் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இடம் மறுக்கப்பட்டு, போராடி, ஒரு வருடம் சோதனை முறையில் சேர்ந்தவர். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். பிறகு நம் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் வேலை. நீரா என்ற பனை இனச் சாற்றில் என்னென்ன சத்து இருக்கிறது என்று பின்னாளில் ஆராய்ந்தவர். எங்கள் பக்கம் பதநீர் இறங்கும் காலம் பருவத்தோடு பொருந்துகிறது. வைட்டமின் சி எவ்வளவு என்று அயோடின் வைத்து டைட்ரேஷன் செய்யலாம் என்று திட்டம். முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் அப்பா பனையேறுகிறார். காலையில் ஒரு லிட்டர் ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளே நேற்று துறைக்கு வந்து நின்றாள். "மேம், கலயத்துல அப்பா சுண்ணாம்பு தடவுவாங்க. சுண்ணாம்பு பட்டா வைட்டமின் சி குறையுமா?"

காரத்தில் அது சீக்கிரம் சிதையும் என்று புத்தகம் சொல்கிறது. பதநீரில் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு குறைகிறது என்பதை அவளே அளந்து சொல்லட்டும் என்று நோட்டில் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறேன்.